தொத்து வியாதிக்கு ஒரு காவல்

1900-ஆம் ஆண்டு முதல் லண்டன் மாநகரம், பழைய 'சிட்டி' நீங்கலாக, 28 நகராண்மை வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. தம் வட்டாரத்துள் எந்த வீதியில், எந்த வீட்டில், எந்தத் தொத்து வியாதி தலைகாட்டியிருக்கிறதென்பதை அன்றன்றே அறிந்துவைப்பது ஒவ்வொரு வட்டாரத்துச் சுகாதார வைத்திய அதிகாரியின் கடமையாயிருந்தது. வைசூரி, டிப்தீரியா, ஸ்கார்லெட் ஜுரம், டைபாய்டு முதலியவற்றைக் கண்ட வைத்தியர் உடனே அத்தாட்சிப் பத்திரம் எழுதி அவருக்கு அனுப்பவேண்டுமென்பது 1889-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் அபராதம், அனுப்பினாலோ, வைத்தியரின் சொந்த நோயாளியாயிருப்பின், பத்திரமொன்றுக்கு இரண்டரை ஷில்லிங் சன்மானம்.

பத்திரம் வந்த 12 மணி நேரத்துக்குள் அதன் பிரதிகள், ஜுர ஆஸ்பத்திரிகளை நடத்திவந்த மெட்ரோபாலிடன் அசைலம்ஸ் போர்டுக்கும், நோயாளி குழந்தையாயின் அது படிக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியருக்கும் போய்ச்சேரவேண்டியிருந்தது. போர்டின் குதிரை வண்டி நோயாளியை ஏற்றிச்சென்ற பின், வட்டாரச் சிப்பந்திகள் படுக்கை, துணிமணிகளைக் கொண்டுபோய் நீராவியில் அவிப்பார்கள். அறையைக் கந்தகப் புகையாலோ பார்மலினாலோ சுத்தி செய்வார்கள். அதுவரை வீட்டார் தங்குவதற்கு விடுதி அமைக்கும் பொறுப்பையும் 1891-ஆம் ஆண்டுச் சட்டம் வட்டாரத்தின் மீதே சுமத்தியிருந்தது.

வைசூரி கண்டவர்களுக்கோ பிரயாணம் நீண்டது. ரோதர்ஹைத் முதலிய துறைகளில் நீராவிப் படகேற்றப்பட்டு, தேம்ஸ் நதியின் வழியே, டார்ட்ஃபோர்டுக்கு அருகில் லாங் ரீச்சில் நின்ற அட்லஸ், எண்டிமியன், காஸ்டாலியா என்னும் ஆஸ்பத்திரிக் கப்பல்களுக்கு அவர்கள் கொண்டுபோகப்பட்டனர். 1901-02-இல் வைசூரி பெருவாரியாகப் பரவியபோது இக்கப்பல்கள் போதாமல், கரையிலும் தற்காலிக ஆஸ்பத்திரிகள் எழும்பின.

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் உயிர்நிலை ஜனங்களின் சம்மதமே என்பது என் துணிபு. ஒற்றை அறையில் ஐந்தாறு பேர் வாழும் ஏழைக் குடும்பத்தில் குழந்தையைத் தனித்து வைக்க இடமேது? முன்னர், இந்த ஆஸ்பத்திரிகளில் சேர்வதே பிச்சைக்காரரென்ற முத்திரையையும் வாக்குரிமை இழப்பையும் கொண்டுவந்தது; அத்தகைய நிலையில் நோயை ஒளிக்காதவர் யார்? 1883-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இழிவை அகற்றிய பின்னரே, தாய்மார் அச்சமின்றித் தங்கள் குழந்தைகளை வண்டியில் ஏற்ற வழி பிறந்தது.

ஆயினும், ஸ்கார்லெட் ஜுரத்தின் விஷயத்தில் இம்முறை முழுப் பலன் தரவில்லை. வாரக்கணக்காக ஆஸ்பத்திரியிலிருந்து குணமாகி வீடு திரும்பிய குழந்தையின் உடன்பிறந்தார்க்கே சின்னாட்களில் அதே ஜுரம் கண்டதுண்டு. குணமானவர் மூக்கிலும் தொண்டையிலும் தொத்து தங்கியிருக்கலாமென்ற சந்தேகம் இத்தகைய குடும்பங்களைக் கவனித்த அதிகாரிகளிடையே வலுத்தது.