இஞ்செக்டரின் தலையெழுத்து

2022இல் எரிபொருள் கியூ.ஆர். பதிவுக்கு அடிச்சட்ட இலக்கம் கேட்டபோது, நம்மில் பலர் வாகனப் புத்தகத்தை எடுத்துத் தேடினோம். வாகனத்தில் இலக்கம் இருப்பது அங்கு மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். அத்தானின் டீசல் வான் இரண்டு கிழமை ஹயர் ஓடாமல் முற்றத்தில் நின்றபோதுதான் விடயம் புரிந்தது.

வான் புகைத்தது. ஒரு கராஜில் நாலு இஞ்செக்டரையும் கழற்றிக் கழுவிப் பூட்டினார்கள். அதன்பிறகு என்ஜின் நின்ற இடத்திலேயே நடுங்கத் தொடங்கியது. "நாலையும் புதுசா மாத்த வேணும்" என்றார்கள். சில இலட்சம் ரூபாய் கதை.

இன்னொரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் என்ஜினைத் தொடமுதலே கேட்டார்: "தம்பி, கழட்டேக்க எது எந்த சிலிண்டர் எண்டு குறிச்சவையோ?"

"தெரியேல்லை அண்ணை."

அவர் ஒன்றைக் கழற்றித் துடைத்துக் காட்டினார். தலையில் நகத்தளவு கியூ.ஆர். சதுரம், பக்கத்தில் முப்பது எழுத்துகள். நான் தொடர் இலக்கம் என்று நினைத்தேன். இல்லை, அது ஓர் அளவுக் குறிப்பு. வளிமண்டல அமுக்கத்தைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேலான அமுக்கத்தில் டீசல் தெளிக்கும் கருவி இது. ஒரே அச்சில் செய்தாலும் ஒன்றுக்கொன்று சிறு வித்தியாசம் இருக்கும். தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் சோதித்து, அதன் கூடுதல் குறைச்சலை அதிலேயே பொறித்துவிடுகிறார்கள். என்ஜினின் கணினி அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைத் திருத்திக் கொடுக்கிறது. இடம் மாறினால், இரண்டாமவனின் கணக்கு மூன்றாமவனுக்குப் போய்விடும்.

இனி வாசிக்க வேண்டும். என் கைத்தொலைபேசியை நீட்டினேன், வாசிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், கியூ.ஆர். குறியே 1994இல் ஜப்பானின் டென்சோ குழுமத்தில் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கு வைக்கப் பிறந்ததுதான். ஆனால் கடதாசியில் கறுப்பு மை வெளிச்சத்தை விழுங்கும். உலோகத்தில் குறியும் பின்னணியும் ஒரே நிறம். லேசர் சுட்ட இடம் கொஞ்சம் சொரசொரப்பு, மற்றது பளபளப்பு, அவ்வளவுதான். நேராக ரோர்ச் அடித்தால் எல்லாமே வெள்ளையாகக் கூசும். ரோர்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால், சொரசொரப்பான இடம் வெளிச்சத்தைச் சிதறடித்துத் துலங்கும், பளபளப்பு இருண்டுபோகும். அப்போதும் சில செயலிகள் திணறும். கறுப்பு வெள்ளை தலைகீழாகியிருக்குமே. ரோர்ச்சின் முன் வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடித்து வெளிச்சத்தை மென்மையாக்கி, படமெடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கினோம். மூன்று வாசித்தன.

நாலாவதின் சதுரம் கீறிக் கிடந்தது. கியூ.ஆர். தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். மிக உயர்ந்த தரத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் அழிந்தாலும் வாசிக்கலாம். இதில் அதற்கும் மேல் போயிருந்தது. யாரோ கம்பி பிரஷ் போட்டிருக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியாலும் கரைப்பானாலும் ஊறவைத்து எடுக்க வேண்டும். லேசர் குறி மேல்தோலில் மட்டும் இருப்பது, சுரண்டினால் திரும்பாது. ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்திய குறி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

எஞ்சியது எழுத்துகள். உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் அரை மணித்தியாலம். இந்த வகைக் குறியில் 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும்தான் வரும். ஆகவே வட்டமாகத் தெரிவது ஓ அல்ல, பூச்சியம். பி-யும் 8-உம்தான் கண்ணைக் குழப்பின. நான் வாசிக்க, அத்தான் எழுத, பின்பு அவர் வாசிக்க நான் சரிபார்த்தேன்.

கணினியில் இருந்ததோடு ஒப்பிட்டபோது இரண்டும் மூன்றும் இடம் மாறியிருந்தன. ஸ்கானரில் திருத்திப் பதிந்தார். நடுக்கம் நின்றது. பழைய புகை கொஞ்சம் இன்னும் இருக்கிறது, அது வேறு கதை.

பாவித்த இஞ்செக்டர் வாங்கப் போகிறவர்கள் விலை கேட்கமுதல் தலையைத் துடைத்துப் பாருங்கள். குறி தேய்த்து அழிக்கப்பட்டிருந்தால் நான் வாங்கமாட்டேன். பூட்டினபின் குழாய்களுக்கும் வயர்களுக்கும் இடையில் அதைப் பார்ப்பது சிரமம். எங்கள் நாலு படங்களும் இப்போது வாகனப் புத்தகத்துக்குள் இருக்கின்றன, சிலிண்டர் இலக்கத்துடன்.