ஹாலில் ஒரு ஒல்லி மேஜை... அளந்துதான் வாங்குறீங்களா?

புது ஃப்ளாட்டுக்குக் குடிபோனவர்கள் வீட்டுக்குள் நுழைந்தால் இப்போதெல்லாம் அநேகமாக அதைப் பார்க்கலாம். வாசல் கதவைத் தாண்டியதும், சுவரை ஒட்டி, ஒல்லியாக, கொஞ்சம் உயரமாக ஒரு மேஜை. மேலே ஒரு கண்ணாடி, ஒரு பூ ஜாடி, ஒரு பிள்ளையார். ஒரு மாதம் போனால் பிள்ளையாருக்குத் துணையாக ஸ்கூட்டர் சாவி, ஹெல்மெட், வைஃபை பெட்டி, மருந்துச் சீட்டு, கேஸ் புக் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். ஃபர்னிச்சர் கடையில் இதற்குப் பெயர் 'கன்ஸோல் டேபிள்'.

"பார்க்க நல்லாத்தானே இருக்கு? இதுக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்களா?

இருக்கிறது. நம் வீடுகளில் பல ஹால்கள் உட்காருவதற்கு மட்டுமான இடம் இல்லை. படுக்கை அறையிலிருந்து பாத்ரூமுக்குப் போகிற பாதையும் அதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு, மற்றவர்கள் தூக்கம் கெட்டுவிடுமே என்று லைட்டைக்கூடப் போடாமல் உங்கள் மாமியாரோ, அப்பாவோ சுவரைத் தடவிக்கொண்டு நடந்து வருகிறார்களே... அந்தச் சுவரில்தான் நீங்கள் இந்த மேஜையைப் போட்டிருக்கிறீர்கள்!

உலகம் முழுவதும் கீழே விழுந்து அடிபட்டு ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் உயிரிழக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். இடுப்பு எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை இப்படிக் கீழே விழுவதால் வருபவைதான். விழுவதற்கு மாடிப்படி வேண்டும் என்பதில்லை. பழகின வழியில் புதிதாக முளைத்த ஒரு மரக்கால் போதும்.

சுவரை அளக்காதீர்கள்... வழியை அளந்து பாருங்கள்!

மேஜை வாங்கப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? "இந்தச் சுவர் வெறிச்சுனு இருக்கே" என்று சுவரின் நீளத்தை அளந்துகொண்டு கடைக்குப் போகிறார்கள். நீளம் அவ்வளவு முக்கியமில்லை. சுவரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமல் இருந்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது, மேஜை சுவரிலிருந்து எவ்வளவு தூரம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை. 'டெப்த்' என்பார்கள் கடைக்காரர்கள். நாம் அகலம் என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில், மேஜை போட்ட பிறகு நடக்க எவ்வளவு இடம் மிஞ்ச வேண்டும்? முழுசாக 3 அடி. அதாவது 36 அங்குலம். "ஏன், ரெண்டு அடியில நடக்க முடியாதா?" முடியும், நீங்களும் நானும். ஆனால் வாக்கர் பிடித்து நடக்கிறவருக்கு வாக்கரே சுமார் 2 அடி அகலம். கூட ஒருத்தர் தோளைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். சக்கர நாற்காலி என்றால் சக்கரத்தைத் தள்ளும் கை, மேஜையில் இடிக்கக் கூடாது. என்றாவது ஒருநாள் 108 ஆம்புலன்ஸ் ஆட்கள் 6 அடிக்கும் மேல் நீளமான ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு உங்கள் ஹாலுக்குள் வந்து திரும்ப வேண்டியிருக்கலாம். அந்த நேரத்தில், "ஒரு நிமிஷம் சார், மேஜையை நகர்த்திடறோம்" என்று சொல்ல முடியுமா?

இப்போது கணக்குப் போடுவோம். உங்கள் ஹாலின் அகலம் 10 அடி, 120 அங்குலம். சோபா 34 அங்குலம். அதற்கும் டீப்பாய்க்கும் நடுவே முழங்கால் இடிக்காமல் இருக்க 16. டீப்பாய் 20. ஆக 70 போய்விட்டது, மீதி 50. நடக்கிற வழிக்கு 36 கழித்தால் கையில் நிற்பது 14 அங்குலம். அதுதான் உங்கள் வீட்டுக்கு உச்சவரம்பு. 12 அங்குலத்தில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாவி, போன், விளக்கு வைக்க அது தாராளம். கடைக்காரர் 18 அங்குல மேஜையைக் காட்டி "நாலு இன்ச்தானே மேடம் கூட" என்பார். அந்த நாலு இன்ச் உங்கள் அப்பாவின் வாக்கரிலிருந்து போகிறது. நேராகப் போய்விடுவார், திரும்புகிறபோதுதான் முட்டும்!

ஒன்று கவனியுங்கள். ஷோரூமின் கூரை உயரம், ஹால் விசாலம். அங்கே எதைப் பார்த்தாலும் சின்னதாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து இறக்கிய பிறகுதான் அது எவ்வளவு பெரிசு என்று புரியும். அதனால் கண்ணை நம்பாமல் டேப்பை நம்புங்கள். (வாஸ்து பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் டேப்பையும் கூட எடுத்துக்கொண்டு போகட்டும்.)

மேல்பலகையை மட்டும் அளந்தால் போதாது, தரையிலும் அளக்க வேண்டும். இப்போது வருகிற பல மேஜைகளின் கால்கள் ஸ்டைலாக வெளிப்பக்கம் விரிந்திருக்கின்றன. மேலே 12 அங்குலம், கீழே 15 அங்குலம்! சுண்டுவிரல் போய் மோதுவது அந்தக் காலில்தான். நமக்கென்றால் "அம்மா!" என்று கத்திவிட்டு விரலைத் தேய்த்துக்கொள்வோம். பல வருஷமாகச் சர்க்கரை நோய் இருந்து பாதம் மரத்துப் போனவர்களுக்கு வலியே தெரியாது. இடித்ததும் தெரியாது, நகம் பெயர்ந்ததும் தெரியாது. மறுநாள் தரையில் ரத்தக் கறையைப் பார்த்து வேறு யாராவது சொன்னால்தான் உண்டு. அந்தச் சின்னக் காயம் ஆறாமல் புண்ணாகி, விரலை எடுக்கிற அளவுக்குப் போவதும் நடக்கிறது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் நேரான கால் உள்ள மேஜையாக வாங்குங்கள். இன்னும் நல்லது, காலே இல்லாமல் சுவரில் பொருத்துகிற பலகை.

உயரம்?

கடைகளில் பெரும்பாலும் 30 முதல் 36 அங்குலம் வரை வைத்திருக்கிறார்கள். கைத்தடி வாங்கும்போது எப்படி அளவு பார்ப்பார்கள் தெரியுமா? நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ, தடியின் கைப்பிடி அங்கே வரவேண்டும். இந்த மேஜைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் வயதானவர் யாரோ அவரை நிற்க வைத்து அளந்து பாருங்கள். ஏன் என்றால், நீங்கள் அலங்காரத்துக்கு வாங்கினாலும் அவர் அதைப் பிடித்துக்கொள்ளத்தான் போகிறார். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்து நடந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். பிரஷர் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் சகஜம். அப்போது கை எது கிடைத்தாலும் பற்றும். பற்றியது ஆடினால்...?

இங்கேதான் ஒல்லி மேஜையின் பலவீனம். அகலம் 10 அங்குலம், உயரம் 36 அங்குலம் என்றால் அது நிற்பதே சுவர் தயவில். ஆள் பாரம் விழுந்தால் அப்படியே முன்னால் சாய்ந்துவிடும். குழந்தைகளுக்கும் இதே ஆபத்து. இழுப்பறையைத் திறந்து அதில் கால் வைத்து ஏறுவார்கள். 2016-இல் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவரில் பிணைக்காதவை குழந்தைகள் மேல் சாய்ந்து உயிர்களைப் பறித்ததுதான் காரணம்.

"புது மேஜையில ஆணி அடிக்கிறதா?" என்று மனசு கேட்காதவர்களுக்கு ஒரு சமாசாரம். 'கன்ஸோல்' என்பது பிரெஞ்சு வார்த்தை. சுவரில் பாரம் தாங்குகிற தாங்கி என்று அர்த்தம். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் மாளிகைகளில் இந்த மேஜைகளைச் சுவரோடு சேர்த்தே பொருத்தினார்கள். பலவற்றுக்கு முன்பக்கம் மட்டும்தான் கால். ராஜா வீட்டிலேயே சுவரில் மாட்டித்தான் வைத்திருந்தார்கள்! ஆகவே தயங்காமல் ஆசாரியிடம் சொல்லி, பின்பக்கம் இரண்டு இடத்தில் 'எல்' கிளாம்ப் வைத்து, சுவரில் பிளக் போட்டு ஸ்குரூ முடுக்கச் சொல்லுங்கள். வாடகை வீடா, ஹவுஸ் ஓனர் சுவரைத் தொடவிட மாட்டாரா? அப்படியானால் கீழ்த்தட்டு உள்ள மேஜையாக வாங்கி, கனமான சாமான்களையெல்லாம் கீழ்த்தட்டில் அடுக்குங்கள். மேலே டி.வி. மட்டும் வைத்துவிடாதீர்கள். இவ்வளவு செய்தாலும் இது கைப்பிடிக் கம்பிக்கு ஈடில்லை. ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவர் வீட்டில் இருந்தால், அந்தச் சுவருக்கு மேஜையே வேண்டாம். ஸ்டீல் கைப்பிடி போதும்.

வாங்குவதற்கு முன் ஒரு ஒத்திகை பார்த்துவிடுங்களேன். தரையில் பேப்பரை விரித்து அளவு பார்க்கச் சொல்வார்கள். அதனால் பிரயோஜனமில்லை, எல்லோரும் பேப்பரை மிதித்துக்கொண்டே போய்விடுவார்கள். காலி அட்டைப் பெட்டிகளை அதே நீளம், அகலம், உயரத்துக்கு அடுக்கி ஒரு வாரம் வையுங்கள். வாசல் கதவு முழுசாகத் திறக்கிறதா? தண்ணீர் கேனைத் தூக்கி வருகிறவர் இடிக்காமல் வருகிறாரா? துணி உலர்த்த வாளியோடு போகிறவர் ஒருக்களித்து நடக்கிறாரா? வாரம் முடிவதற்குள் பெட்டி எத்தனை தடவை சரிந்தது என்று பாருங்கள். மூன்று தடவைக்கு மேல் என்றால் அந்த அளவு உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். அடித்தட்டுக்கும் தரைக்கும் நடுவே விளக்குமாறும் மாப்பும் நுழைகிற அளவு, 6 அங்குலமாவது இருக்கட்டும். இல்லாவிட்டால் தூசியும் கரப்பானும் குடித்தனம் நடத்தும். முன்னால் வழுக்குகிற மிதியடி வேண்டாம். வைஃபை ஒயர் நடைவழியைக் குறுக்கே தாண்டக் கூடாது. புது பிளைவுட்டில் நெடி இருந்தால் இரண்டு மூன்று நாள் ஜன்னலைத் திறந்து வையுங்கள், வீஸிங் உள்ள குழந்தை இருந்தால் முக்கியமாக. மேஜை மேல் சின்னதாக ஒரு நைட் லாம்ப் எரியட்டும்.

என்னைக் கேட்டால், பெரியவர்கள் இருக்கிற வீட்டு வாசலோரம் மேஜையைவிடக் கைப்பிடி வைத்த ஒரு நாற்காலிக்குத்தான் முதல் மரியாதை. ஒற்றைக் காலில் நின்று, ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஷூ மாட்டுவது அறுபதுக்கு மேல் செய்கிற வித்தையா என்ன? இரண்டுக்கும் இடமிருந்தால் இரண்டையும் போடுங்கள்.

கடைசியாக மூலைகள். இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 34 அங்குலம். உங்கள் மேஜை 30, 32 என்றால் அதன் கூரான முனை, ஓடி வருகிற பிள்ளையின் நெற்றிக்கும் கண்ணுக்கும் நேராக நிற்கிறது. செய்து முடித்த பிறகு ரப்பர் ஒட்டுவதைவிட, ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. பலகையின் முன்பக்க மூலையில் ஒரு காபி டம்ளரைக் கவிழ்த்து, பென்சிலால் வளைவு வரைந்து காட்டுங்கள். அந்தக் கோட்டில் அறுத்து, உப்புத்தாள் போட்டு மழுக்கித் தந்துவிடுவார் ஆசாரி.