வெள்ளியும் தங்கமும் சேர்ந்த பதக்கம்: வாங்கும் முன் முத்திரையைப் பாருங்கள்

தங்க விலை ஏறியிருக்கும் நேரத்தில், வெள்ளியில் தங்கம் சேர்த்த இருநிறப் பதக்கங்கள் பலருக்குக் கைக்கு எட்டும் நகையாக இருக்கின்றன. வெள்ளித் தட்டில் தங்க வேல், வெள்ளி வளையத்துக்குள் தங்க ஓம் எனப் பார்வைக்கும் அவை அழகு.

ஆனால், நம் குடும்பங்களில் நகை அழகுக்கு மட்டும் வாங்கப்படுவதில்லை. பள்ளிச் செலவு, மருத்துவச் செலவு என அவசரம் வந்தால் அடகுக்கடைக்குப் போவதும் அதுதான். அங்கே தராசில் வைத்த பிறகு ‘இது வெறும் முலாம்’ என்று தெரிந்து பயனில்லை.

இருநிறம் இரண்டு வகை

முதல் வகையில், தனியாகச் செய்த தங்கத் துண்டு வெள்ளியின்மேல் பற்றவைக்கப்படும். இதில்தான் எடை போடக்கூடிய தங்கம் இருக்கிறது.

இரண்டாவது வகை, வெள்ளியின்மேல் தங்க முலாம் பூசியது. இதில் கனமான பூச்சுக்கு ‘வெர்மெய்’ என்று பெயர். அமெரிக்க வணிக விதிப்படி அதன் தடிப்பு குறைந்தது 2.5 மைக்ரோன். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் 400-இல் ஒரு பங்கு. இருபுறமும் சேர்த்து 10 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பதக்கத்துக்கு இப்படிப் பூசினாலும், அதிலுள்ள தங்கம் 0.05 கிராமைத் தாண்டாது. சாதாரண முலாம் இதைவிட மெல்லியது. உரசலில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

எண்கள் சொல்வது என்ன?

‘925’ என்பது ஸ்டெர்லிங் வெள்ளி: 1,000 பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. தங்கத்தில் 916 என்றால் 22 காரட், 750 என்றால் 18 காரட், 585 என்றால் 14 காரட்.

மஞ்சளாக மின்னும் பதக்கத்தில் 925 மட்டும் இருந்தால், அதை முலாம் பூசிய வெள்ளியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தங்கம் பற்றவைத்த நகை என்றால் தங்கத்தின் தரத்தையும் கேளுங்கள். முத்திரை குத்த முடியாத அளவுக்குத் தங்கத் துண்டு சிறியதாக இருந்தால், அந்தத் தரத்தை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

விலையைப் பிரித்துக் கேளுங்கள்

6 கிராம் பதக்கத்தில் 750 தரத் தங்கம் 0.8 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள சுத்தத் தங்கம் 0.6 கிராம்தான். மீதி 5.2 கிராமும் வெள்ளி விலைக்கு உரியது. எனவே தங்க எடை, வெள்ளி எடை, செய்கூலி மூன்றும் தனித்தனியாக ரசீதில் இருக்க வேண்டும். திரும்ப விற்றால் அதே கடை என்ன விலைக்கு எடுக்கும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

அன்றாடம் அணிபவர்களுக்கு

சங்கிலி உரசும் வளையம் தடிப்பாகவும் இடைவெளியின்றிப் பற்றவைத்ததாகவும் இருக்கட்டும். தோல் அரிப்பு உள்ளவர்கள் முலாமுக்கு அடியில் நிக்கல் உண்டா என்று கேட்க வேண்டும். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். ரப்பரிலும் கந்தகம் உண்டு என்பதால், பதக்கத்தை ரப்பர் வளையம் போட்டுச் சுற்றி வைக்காதீர்கள். மென்துணியால் துடைத்தால் போதும். முலாம் நகையை அழுத்தித் தேய்க்கக்கூடாது. பழுது பார்க்கக் கொடுக்கும்போது முலாம் பூசியது என்று பொற்கொல்லரிடம் சொல்லிவிடுங்கள். தீ பட்டால் அந்த நிறம் மங்கிவிடும்.

தங்கம் என்று சொல்லி முலாமை விற்றது தெரியவந்தால், மலேசியாவில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான இழப்பீட்டுக்கு மனு செய்யலாம். அங்கே வாய்ப்பேச்சைவிட ரசீதுக்கே வலு அதிகம். பதக்கத்தோடு அதையும் பத்திரப்படுத்துங்கள்.