கிட்டாரில் "ம்ம்ம்" இரைச்சலா? பிக்கப் வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

பங்குனி பிறந்துவிட்டால் காரியாபட்டி வட்டாரத்தில் திருவிழாக் காலம். மதுரையில் இருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது இந்த ஊர். சுற்றிலும் உள்ள கிராமங்களில் அம்மன் கோவில் பொங்கல் என்றால், இரவில் பாட்டுக் கச்சேரியும் உண்டு. சிவகாசி வாணங்கள் வானத்தில் வெடித்து ஓயும். பிறகு மேடையில் வெளிச்சம் வரும். கூட்டம் அமைதியாகும்.

அந்த அமைதியில், ஒலிபெருக்கியில் இருந்து "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் கேட்கும். ஆயிரம் வண்டுகள் கூடிப் பறப்பது போல இருக்கும். எல்லோரும் மைக் செட்காரரைத் திரும்பிப் பார்ப்பார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? பல சமயங்களில் குற்றவாளி அவர் அல்ல. கிட்டார்தான்!

இந்த இரைச்சலை ஒழிக்க வழி இருக்கிறது. கிட்டாரில் இருக்கும் "பிக்கப்" என்ற உறுப்பை மாற்றிவிட்டு, "ஹம்பக்கர்" என்ற வேறு வகைப் பிக்கப்பைப் பொருத்தலாம். ஆனால் கச்சேரிக்குக் கச்சேரி கிடைக்கும் பணத்தைச் சேர்த்து வைத்து வாங்க வேண்டிய பொருள் அது. தவறானதை வாங்கிவிட்டால் ஒரு திருவிழாக் காலத்துச் சம்பாத்தியம் வீணாகிவிடும்.

தலைமுடியை விட மெல்லிய கம்பி

மின்சார கிட்டாரின் கம்பிகளுக்குக் கீழே சிறிய பெட்டி போல ஒன்று இருக்கும். அதுதான் பிக்கப். அதன் உள்ளே காந்தம் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றிச் செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டு இருக்கும். அந்தக் கம்பி தலைமுடியை விட மெல்லியது!

மேலே உள்ள இரும்புத் தந்தி அதிர்ந்தால், கீழே உள்ள செப்புச் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகும். 1831-ம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த உண்மை இது. அந்தச் சிறு மின்சாரத்தைப் பெரிதாக்கித்தான் ஆம்பிளிபையர் நமக்குப் பாட்டாகத் தருகிறது.

வம்பு எங்கே வருகிறது? நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் திசை மாறி ஓடுகிறது. டிரான்ஸ்பார்மர், டியூப் லைட் சோக், தடித்த மின்சார ஒயர் ஆகியவற்றின் அருகே காந்த அலை பரவி நிற்கும். செப்புச் சுருளுக்குத் தந்தியின் அதிர்வு எது, டிரான்ஸ்பார்மரின் அலை எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பிடித்து அனுப்பிவிடும். ஒரே சுருள் உள்ள பிக்கப்பின் குறை இதுதான்.

ஒன்றை ஒன்று அழிக்கும் தந்திரம்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கிப்சன் கிட்டார் கம்பெனியில் வேலை பார்த்தவர் சேத் லவர். அவர் ரேடியோ, ஆம்பிளிபையர் வேலைகளில் கைதேர்ந்தவர். இந்த இரைச்சலை ஒழிக்க அவர் ஒரு வழி கண்டார்.

ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் எதிர் எதிராக வேலை செய்யும்படி இணைத்தார். கயிற்றின் இரண்டு முனைகளையும் சம பலம் உள்ள இருவர் இழுத்தால் கயிறு நகருமா? நகராது. அதுபோல, ஒரு சுருளில் வரும் இரைச்சலை மற்றொரு சுருளில் வரும் இரைச்சல் அழித்துவிடும்.

அப்படியானால் பாட்டும் அழிந்துவிடாதா? அங்கேதான் தந்திரம்! ஒரு சுருளில் காந்தத்தின் வடமுனை மேலே இருக்கும். அடுத்த சுருளில் தென்முனை மேலே இருக்கும். இதனால் தந்தியின் ஒலி மட்டும் இரண்டிலும் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொள்ளும். இரைச்சல் போகும். ஒலி பெருகும்.

1955-ம் ஆண்டில் அவர் காப்புரிமைக்கு மனுப் போட்டார். 1957-ல் கிப்சன் கிட்டார்களில் இந்தப் பிக்கப் வந்தது. 1959-ல்தான் காப்புரிமை கிடைத்தது. அதுவரை "காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்" என்று ஒரு சின்னச் சீட்டை அடியில் ஒட்டினார்கள். காப்புரிமை கிடைத்த பிறகும் சில காலம் அதே சீட்டை ஒட்டி வந்தார்கள். பின்னர் எண் போட்ட சீட்டு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதில் இருந்தது வேறு ஒரு பொருளின் காப்புரிமை எண்! அந்தப் பழைய சீட்டு ஒட்டிய பிக்கப்புகளை இன்று பணக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள்.

கிட்டாரை வாங்கியவர்களே பிக்கப்பை மாற்றிக்கொள்ளும் பழக்கம் 1970-களில் பரவியது. நியூயார்க்கைச் சேர்ந்த லாரி டிமார்சியோ, மிகப் பலமான ஒலி தரும் ஹம்பக்கரைச் செய்து விற்றார். கலிபோர்னியாவில் சீமோர் டங்கனும் கம்பெனி தொடங்கினார். இன்று பல நாடுகளில் இவை செய்யப்படுகின்றன. போலிகளும் உண்டு.

முதலில் சோதனை, பிறகு செலவு

பிக்கப் வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். கிட்டாரில் உள்ள வால்யூம் திருகை முழுவதும் குறைக்க வேண்டும். அப்போதும் இரைச்சல் கேட்டால் பிக்கப் மேல் குற்றம் இல்லை. ஒயரையோ, ஆம்பிளிபையரையோ, கரண்டு இணைப்பையோ பார்க்க வேண்டும். இரைச்சல் நின்றுவிட்டால், வால்யூமைக் கூட்டிக்கொண்டு, கிட்டாருடன் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நிற்க வேண்டும். ஒரு திசையில் இரைச்சல் கூடி, மற்றொரு திசையில் குறைந்தால், அது பிக்கப் பிடிக்கும் இரைச்சல். ஹம்பக்கர் போட்டால் போய்விடும்.

தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா? அது வேறு வகை. கிட்டாரின் உள்ளே உள்ள பள்ளத்தில் செப்புத் தகடு ஒட்டி, அதை எர்த் ஒயருடன் சேர்த்தால் பெரிதும் அடங்கும். ஹம்பக்கரை விட இதற்குச் செலவு மிகக் குறைவு!

தந்தியைத் தொட்டால் "ஷாக்" அடிக்கிறதா? உடனே கிட்டாரைக் கீழே வைத்துவிட வேண்டும். இது விளையாட்டு அல்ல. 1972-ம் ஆண்டு மே 3-ந் தேதி, வேல்ஸ் நாட்டில் ஸ்வான்சி நகரில் ஒரு கச்சேரி. லெஸ்லி ஹார்வி என்ற 27 வயது கிட்டார் கலைஞர் மேடையில் மைக்கைத் தொட்டார். மின்சாரம் தாக்கி இறந்தார். எந்தப் பிக்கப்பும் இதைத் தடுக்காது. எர்த் சரியாக இருந்தால்தான் தடுக்க முடியும். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில் எர்த் போட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுவிட்டு ஏறுவது நல்லது. இரைச்சலைக் குறைக்கிறேன் என்று மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது.

பலம் அதிகம் என்றால் நல்லதா?

கடையில் முதலில் காட்டுவது, பலம் அதிகமான பிக்கப்பைத்தான். வாலிபர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு அது பொருந்துமா?

பலம் அதிகமான பிக்கப், ஆம்பிளிபையரைச் சீக்கிரம் கரகரக்கச் செய்யும். மேல்நாட்டு ராக் இசைக்கு அந்தக் கரகரப்பு வேண்டும். நம் மேடையில் ஒரே இரவில் மெல்லிசையும் வாசிக்க வேண்டும், குத்துப் பாட்டும் வாசிக்க வேண்டும். 1976-ல் "அன்னக்கிளி" படத்தில் தொடங்கிய இளையராஜா தாமே கிட்டார் வாசிப்பவர். அவருடைய பாட்டுகளில் கிட்டாரின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். அதைக் கரகரப்போடு வாசித்தால் கூட்டம் முகம் சுளிக்கும். மின்சார கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவைப் போலக் கமகம் பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் தெளிவுதான் முக்கியம். ஆகையால் நடுத்தரப் பலம் உள்ளதே கச்சேரிக் கிட்டாருக்கு ஏற்றது. சத்தம் போதாவிட்டால் ஆம்பிளிபையரில் கூட்டிக்கொள்ளலாம்.

பலத்தை எப்படித் தெரிந்துகொள்வது? அட்டைப்பெட்டியில் "கிலோ ஓம்" என்று ஓர் எண் இருக்கும். 7 முதல் 8.5 வரை இருந்தால் பெரும்பாலும் பழைய பாணி. 12-க்கு மேல் போனால் பெரும்பாலும் பலமான பாணி. இந்த எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. இன்னும் மெல்லிய கம்பியைச் சுற்றினாலும் எண் கூடிவிடும்.

காந்தத்தையும் கேட்க வேண்டும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்புடன் சேர்த்து உருக்கியது அல்நிக்கோ. அதில் 2-ம் எண் மென்மையாக இருக்கும். 5-ம் எண் துலக்கமாக இருக்கும். ஒலிபெருக்கியின் பின்னால் கறுப்பு வளையம் இருக்குமே, அந்த இனம் செராமிக். பலமான பிக்கப்புகளில் அதிகம் வருவது அது.

அளவு எடுக்காமல் வாங்கக் கூடாது

பலரிடம் இருப்பது மூன்று ஒல்லிப் பிக்கப் உள்ள கிட்டார். முழு அளவு ஹம்பக்கர் அதில் நுழையாது. மரத்தைக் குடைய வேண்டும். ஒருமுறை குடைந்தால் மரம் மீண்டும் வளராது! ஒல்லிப் பிக்கப் அளவிலேயே செய்த ஹம்பக்கர்கள் கிடைக்கின்றன. அதைக் கேட்டு வாங்கலாம்.

முழு அளவு ஹம்பக்கர் என்றால், பிக்கப் இருக்கும் இடத்தில் முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் உள்ள இடைவெளியைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளக்க வேண்டும். பிக்கப்புகள் ஏறக்குறைய 50 மில்லிமீட்டரிலும், 52 அல்லது 53 மில்லிமீட்டரிலும் வருகின்றன. ஒத்துப்போகிறதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரிட்ஜ் பக்கத்தில் தந்தி குறைவாகவே ஆடும். அதனால் அங்கே பொருத்துவது சற்றுப் பலமாக இருக்கும். கழுத்துப் பக்கத்துக்கு உரியதை மாற்றி மாட்டிவிட்டால் ஒலி ஏறுமாறாகிவிடும். ஒல்லிப் பிக்கப்புக்கு வைத்த 250 கிலோ ஓம் வால்யூம் திருகு ஹம்பக்கரின் துலக்கத்தைக் குறைக்கும். 500 போட்டால் சரியாகிவிடும். இது சின்னச் செலவுதான். ஆனால் பலர் மறந்துவிட்டு, "பிக்கப் மழுங்கல்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

ஒயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். உடன் வரும் படத்தைப் பார்த்துத்தான் பற்ற வைக்க வேண்டும். மாறிவிட்டால், இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்போது சத்தம் தகர டப்பா போல மெலிந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும், கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு உயரம் பார்க்க வேண்டும். பிரிட்ஜ் பக்கத்தில் பிக்கப்புக்கும் தந்திக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் இடைவெளி இருக்கலாம். கழுத்துப் பக்கத்தில் இன்னும் சற்று அதிகம் வேண்டும். அங்கிருந்து காதுக்குப் பிடித்தபடி திருகாணியைத் திருப்பிக்கொள்ளலாம்.

கழற்றிய பழைய பிக்கப்பைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். ஒரு பிஸ்கட் டப்பாவில் திருகாணிகளோடு போட்டு வைக்கலாம். பின்னால் கிட்டாரை விற்க நேர்ந்தால், அதை மாட்டிக் கொடுத்துவிட்டு, ஹம்பக்கரை அடுத்த கிட்டாருக்கு எடுத்துக்கொள்ளலாம்.