பழைய லேண்ட் ரோவர்: பேட்டரியை மாற்றும் முன் எர்த் வயரைப் பாருங்கள்

கேமரன் மலையில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு லேண்ட் ரோவரைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. ரிங்லெட்டிலும் பிரிஞ்சாங்கிலும் கம்போங் ராஜாவிலும் 40 வயதைத் தாண்டிய வண்டிகள் இன்றும் முட்டைக்கோஸ் கூடைகளோடு சேற்றில் மேடேறுகின்றன. புதிய வண்டி வாங்க வசதியில்லாத சிறு விவசாயிக்கு அது நின்றால் அன்றைய வருமானமும் நின்றது. அறுத்த காய், லோரி கிளம்பும் நேரத்திற்குள் ரோட்டுக்கு வந்தாக வேண்டும்.

அப்படி நின்ற வண்டிக்கு முதலில் பேட்டரி மாற்றுவார்கள். அடுத்து ஆல்டர்னேட்டர், பிறகு ஸ்டார்ட்டர். இவ்வளவு செலவு செய்த பிறகும் பழைய கோளாறு அப்படியே இருப்பதுண்டு.

காரணம் வண்டியின் உடம்பிலேயே இருக்கிறது. 1948-ல் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது, போருக்குப் பிந்தைய பிரிட்டனில் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் சேசிஸை இரும்பிலும் பாடியை அலுமினியக் கலவையிலும் செய்தார்கள். இரண்டு உலோகங்களும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். மலையின் மழையும் பனிமூட்டமும் போதாதென்று, நாம் ஏற்றும் உர மூட்டையிலிருந்து சிந்தும் உப்பும் அதற்குத் துணை போகிறது. விளக்குக்குப் போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புவது இந்த இணைப்புகள் வழியாகத்தான். இதைத்தான் எர்த் என்கிறோம். திரும்பும் வழி அரித்துப் போனால், நல்ல பேட்டரியும் செத்த பேட்டரி போலத்தான் நடந்துகொள்ளும்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. சிக்னல் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து மினுக்கும். பிரேக்கை மிதித்தால் வேறொரு விளக்கு மங்கும். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிளோ ஆக்சிலரேட்டர் கேபிளோ சூடானால், என்ஜினின் எர்த் பட்டை போய்விட்டது என்று பொருள். மின்சாரம் வேறு வழியில்லாமல் கேபிளில் ஓடுகிறது. அதை உடனே கவனியுங்கள், தீப்பிடிக்கக்கூடிய விஷயம்.

சோதிக்க ஒரு ஜம்பர் கேபிள் போதும். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து என்ஜினின் சுத்தமான இரும்புப் பகுதிக்கு நேராகப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். என்ஜின் வேகமாகச் சுற்றினால் பேட்டரிமீது குற்றமில்லை. மீட்டர் உள்ளவர்கள் அதே இரண்டு இடங்களில் முனைகளை வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பார்க்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. வண்டி ஓடாதபோது ஓம் அளவில் வைத்துப் பார்ப்பதில் பயன் குறைவு. ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் நல்லதென்றே சொல்லும்.

சரிசெய்வதற்குக் கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் போதும். நட்டைக் கழற்றி, உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். பின் விளக்குகளுக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்துவிடுவது இன்னும் நல்லது. பழைய வண்டிகளில் பின்பக்க வயரிங் சேசிஸ் குழாய்க்குள்ளேயே போகிறது. சேறு புகுந்து துருப்பிடித்த ஓட்டையில் வயர் உரசி ஷார்ட் ஆவது சகஜம். ஃபியூஸ் அடிக்கடி போனால் அங்கே பாருங்கள். சிகரெட் தாளைச் சுற்றி ஓட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொல்லும் முன் இரண்டு அளவுகள் எடுங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, என்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஓடும்போது சுமார் 14. ஏறவில்லை என்றால் டேஷ்போர்டில் உள்ள சிவப்புச் சார்ஜ் பல்பைப் பாருங்கள். சாவி போட்டதும் அது எரியாவிட்டால் ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்காமலே இருக்கலாம், ஏனென்றால் அதைத் தூண்டும் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. 1960-களின் முற்பகுதி வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அவற்றில் பாடியோடு சேர்ந்திருப்பது பாசிட்டிவ் முனை. பார்க்காமல் பேட்டரி மாட்டாதீர்கள்.

பழைய 2.25 லிட்டர் டீசல் காலைக் குளிரில் கிளம்ப மறுத்தால், நான்கு ஹீட்டர் பிளக்குகளும் ஒரே சங்கிலியாக இணைந்திருப்பதை நினைவில் வையுங்கள். ஒன்று எரிந்தால் நான்கும் வேலை செய்யாது.

இனி ஸ்பிரிங். சீரிஸ் வண்டிகளில், அதாவது 1985 வரை வந்த பழைய மாடல்களில், பட்டை ஸ்பிரிங். 1983-ல் வந்த ஒன் டென் முதல் சுருள் ஸ்பிரிங். பட்டை ஸ்பிரிங் மாற்றிய பிறகு வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், இடதும் வலதும் மாறிவிட்டதா என்று பாருங்கள். ஓட்டுநர் பக்கப் பட்டை வேறு அளவு. வண்டி நண்டு போலக் கோணலாகப் போனால் பட்டைகளைச் சேர்க்கும் நடு போல்ட் முறிந்து ஆக்சில் நகர்ந்திருக்கும். சுமைக்காக ஒரு பட்டை கூட்டிப் போடும் நம்மூர்ப் பழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்பிரிங் தாங்கிய அதிர்ச்சியைத் துருப்பிடித்த சேசிஸ் தாங்க வேண்டிவரும்.

சுருள் ஸ்பிரிங் வண்டியில் குழியில் இறங்கியதும் ஸ்டெரிங் கிடுகிடுவென ஆடினால், பலரும் ஸ்டெரிங் டேம்பரை மாற்றுகிறார்கள். அது ஆட்டத்தை மறைக்குமே தவிர நிறுத்தாது. வண்டி தரையில் நிற்கும்போது ஒருவர் ஸ்டெரிங்கை இடமும் வலமும் அசைக்க, இன்னொருவர் முன் ஆக்சிலைக் குறுக்காகப் பிடித்திருக்கும் பேன்ஹார்ட் ராடின் இரு முனைகளையும் பார்க்கட்டும். போல்ட்டுக்கும் ரப்பர் புஷ்ஷுக்கும் இடையே அசைவு தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது.

அடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உதவியாளரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சுவிவல் பின்.

பின் சக்கரத்தைத் தூக்கும்போது ஹேண்ட்பிரேக்கை நம்பாதீர்கள். இந்த வண்டிகளில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்பினாலே மலைச்சரிவில் வண்டி உருண்டுவிடும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள், ஸ்டாண்டு கொடுக்காமல் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையாதீர்கள்.