மடவை வயிற்றின் கறுப்புத் தோல்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவர் ஊர் பிள்ளைச்சாவடி. இந்தக் கரையில் வலையோடு வருவது மீன் மட்டுமல்ல. நண்டு, கணவாய், யாருக்கும் வேண்டாத சொறி (ஜெல்லி மீன்) என்று பல இனங்களும் சேர்ந்தே வரும். இவற்றை வகைபிரிக்க விலங்கியல் கேட்கும் முக்கியமான கேள்விகளுள் ஒன்று: உடற்சுவருக்கும் குடலுக்கும் நடுவே இடைவெளி உண்டா? இருந்தால், அதைச் சுற்றிப் படர்ந்திருப்பது எது?

மடவை மீனை ஆய்ந்தவர்களுக்கு இதன் விடை கைப்பழக்கம். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்ததும், உட்சுவரில் மெல்லிய கறுப்புத் தோல் ஒட்டியிருக்கும். அதைத் தேய்த்துக் கழுவிவிடுவோம். பெரிட்டோனியம் என்பது அதுதான். கருவில் தோன்றும் புற, நடு, அக அடுக்குகளில் நடு அடுக்கிலிருந்து வளர்ந்தது. வயிற்றுச் சுவரோடு நிற்காமல், இந்த உறை மடிந்து போய்க் குடலையும் போர்த்துகிறது. இப்படி எல்லாப் பக்கமும் நடு அடுக்கு சூழ்ந்த இடமே உண்மை உடற்குழி. இது இருப்பதால்தான் மீன் உடலை வளைத்து நீந்தும்போதும் குடல் தன்போக்கில் செரிக்கிறது. சினை பருக்க இடம் கிடைக்கிறது. நம் உடலில் இதே குழி இதயம், நுரையீரல், வயிறு ஆகியவற்றுக்குத் தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கிறது.

கணவாயில் கண் ஏமாறும். அதன் உடலுக்குள் கைவிடும் அளவுக்கு இடம் இருந்தாலும் அது உடற்குழி அல்ல. கடல்நீர் புகுந்து வெளியேறும் புறவெளி. உண்மை உடற்குழி உள்ளுறுப்புகளை ஒட்டிச் சுருங்கிக் கிடக்கிறது. நண்டிலும் அப்படியே: ஓட்டுக்குள் உறுப்புகளை நனைத்து நிற்பது இரத்தம் நிறைந்த வேறொரு குழி. எனவே, குழியின் அளவைவிட அதன் சுவர் எங்கிருந்து வந்தது என்பதே முக்கியம்.

சொறிக்கு நடு அடுக்கே கிடையாது. உள்ளே இருப்பது உணவறை மட்டும். நாடாப்புழு முதலான தட்டைப்புழுக்களுக்கு மூன்று அடுக்கும் உண்டு, ஆனால் இடைவெளி இல்லாமல் திசு நிறைந்திருக்கும். இவை உடற்குழியற்றவை.

இடைப்பட்ட வகையைப் புதுச்சேரி நன்கு அறியும். கொசுவால் பரவும் நோய்களை ஆராய 1975இல் இங்கே தொடங்கிய மத்திய ஆராய்ச்சி மையம் நெடுங்காலம் கவனம் செலுத்திய நோய்களுள் ஒன்று யானைக்கால். அதை உண்டாக்கும் பெண்புழு 8 முதல் 10 செ.மீ. நீளம் இருக்கும், தடிமனோ கால் மில்லிமீட்டர்தான். இது உருளைப்புழு. இதன் குழிக்கு வெளிப்பக்கம் நடு அடுக்கின் தசை உண்டு. குடல் பக்கம் அந்தப் போர்வை இல்லை. ஆகவே இது பொய் உடற்குழி. பெயர்தான் பொய், வேலை மெய்: தண்ணீர் நிரம்பிய குழாய் விறைப்பதுபோல, குழியின் திரவ அழுத்தமே எலும்பில்லாத புழுவுக்கு உறுதி தருகிறது. நீளவாக்குத் தசைகள் மட்டுமே இருப்பதால் புழு நெளிந்து நெளிந்து நகர்கிறது.

உண்மை உடற்குழி உருவாவதிலும் இரு வழிகள் உண்டு. மண்புழு, கணவாய் வகைகளில் நடு அடுக்கு பிளந்து குழியாகிறது. நட்சத்திர மீனின் கருவில் குடலிலிருந்து பைகள் பிதுங்கிப் பிரிகின்றன. கருவளர்ச்சியின் இதுபோன்ற சான்றுகள்தான், முதுகெலும்புள்ள நமக்கு நண்டைவிட நட்சத்திர மீனே நெருங்கிய உறவு என்று முதலில் காட்டின.

ஆனால் குழியை மட்டும் வைத்து வம்சம் எழுத முடியாது. 1997இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, பொய்க் குழி கொண்ட உருளைப்புழுக்களையும் நண்டு, பூச்சி இனங்களையும் தோலுரிக்கும் விலங்குகள் என ஒரே கிளையில் சேர்த்தது. தட்டைப்புழுக்கள் மண்புழு, கணவாய்களின் பக்கம் போயின. உடற்குழி பரிணாமத்தில் சுருங்கலாம், மறையலாம் என்பது தெளிவானது. இன்று உறவைச் சொல்ல மரபணு இருக்கிறது. அந்த உடல் எப்படி அசைகிறது, எப்படிச் செரிக்கிறது என்பதைச் சொல்ல உடற்குழியே வேண்டும்.

பிளஸ் ஒன் மாணவர்கள் இதை மூன்று பெயர்களாக மனப்பாடம் செய்கிறார்கள். வகுப்பு மேசையில் ஒரு மடவையையும் ஒரு கணவாயையும் அறுத்துக் காட்டினால் போதும். எது உடற்குழி, எது இல்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.