இரு கண்களின் வழக்கு

"என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்" என்று கூண்டிலேறிய சாக்ஷி சொல்லிவிட்டால், அதற்கு மேல் கேள்வி வேண்டுவதில்லை என்று எண்ணுவோர் பலர். அவ்விரண்டு கண்களும் தமக்குள் ஒரே சாக்ஷியம் சொல்லுகின்றனவா என்று விசாரித்தவர் சிலரே. நிறத்தின் விஷயத்தில் அந்த விசாரணை இருநூறு வருஷங்களுக்கு மேலாக நடந்து வருகிறது.

1760-ம் வருஷத்தில் துத்தூர் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒரு கண்ணுக்கு நீலப் பட்டுத் துண்டையும் மற்றதற்கு மஞ்சள் பட்டுத் துண்டையும் காட்டி, இரண்டும் ஒரே இடத்தில் தோன்றுமாறு செய்து பார்த்தார். நீலச் சாயமும் மஞ்சள் சாயமும் கலந்தால் பச்சையாகும் என்பது சாயக்காரன் அறிந்த சங்கதி. துத்தூருக்கோ பச்சை தென்படவில்லை. சற்று நேரம் நீலம், சற்று நேரம் மஞ்சள் என்று முறை வைத்தாற்போல் வந்து போயின.

நேயர்கள் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மிட்டாய் சுற்றிவரும் கண்ணாடிக் காகிதத்தில் சிவப்பை ஒரு கண்ணுக்கும் பச்சையை மற்றதற்கும் பிடித்து, வெள்ளைச் சுவரை நோக்குக. சுவர் சிவப்பாயிருக்கும், சில விநாடிகளில் ஓர் ஓரத்திலிருந்து பச்சை பரவும், பிறகு மறுபடியும் சிவப்பு. சிவப்பே நிற்கட்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டால் அது சிறிது அதிகம் தங்குமேயன்றி நிலைக்காது. சுவரும் மாறவில்லை, காகிதமும் மாறவில்லை, கண்ணில் விழும் ஒளியும் மாறவில்லை. மாறுவது மூளையில்.

19-ம் நூற்றாண்டில் ஜெர்மானிய மேதைகளாகிய ஹெல்ம்ஹோல்ட்ஸும் ஹேரிங்கும் இதில் நேர் விரோதமாக நின்றனர். இரு கண்களின் நிறங்கள் கலந்து மூன்றாவது நிறம் உண்டாவதைத் தாம் கண்டதில்லை என்றார் முன்னவர். கண்டதுண்டு என்றார் பின்னவர். இருவரும் பொய்யரல்லர். நிறங்கள் மங்கலாகவும் கோடு, விளிம்பு இன்றியும் இருந்தால் கலப்பு எளிது. அழுத்தமான நிறமும் கூரிய விளிம்பும் இருந்தால் போட்டியே மிஞ்சும்.

1928-ல் அமெரிக்காவில் ஹெக்ட் என்பவர் ஒரு கண்ணுக்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் காட்டி, மஞ்சள் தோன்றுவதைக் கண்டார். வேடிக்கை என்னவெனில், கலப்பு உண்டென்று சொன்னவர் ஹேரிங். அதனால் லாபமடைந்ததோ ஹெல்ம்ஹோல்ட்ஸின் கொள்கை. மஞ்சள் தனி மூலநிறம் என்ற ஹேரிங்கின் வாதத்துக்கு அது பாதகமாயிற்று. 1951-ல் ஹர்விச், ஜேம்ஸன் இருவரும் அப்பீல் செய்தனர்: ஹெக்டின் சிவப்பிலும் பச்சையிலும் மஞ்சள் முன்னமே ஒளிந்திருந்தது என்பது அவர்கள் ஆக்ஷேபணை. நமக்கு அது நியாயமாகவே தோன்றுகிறது.

எல்லாவற்றிலும் விசித்திரமானது 2006-ல் ஹாங், ஷெவல் என்போர் வெளியிட்ட பரீக்ஷை. ஒரு கண்ணுக்கு நிறமும் சாம்பலும் மாறி மாறி நிற்கும் பட்டைகளைக் காட்டினர்; மற்றதற்கு வேறு நிறத்தில், அவற்றுக்குக் குறுக்காக ஓடும் பட்டைகளைக் காட்டினர். எந்தக் கண் வென்றாலும் அதன் பட்டைகள் அதன் நிறத்தோடே தெரியவேண்டுமல்லவா? சில வேளைகளில் அப்படியல்ல. வென்ற கண்ணின் பட்டைகள் மட்டும் தெரிந்தன. ஆனால் அவற்றில் சாம்பல் இருக்கவேண்டிய இடத்தில் தோற்ற கண்ணின் நிறம் நின்றது! உருவம் மறைந்தும் நிறம் மறையாமல், அயலார் வீட்டில் குடிபுகுந்துவிட்டது. எந்தக் கண்ணுக்கும் காட்டப்படாத அச்சித்திரத்தைப் பார்த்தவர்கள் தெளிவாகவே பார்த்தார்கள். ஆகவே உருவமும் நிறமும் மூளையில் ஒன்றாகவே அடக்கப்படுவதில்லை என்பது வெளியாயிற்று. அவை மீண்டும் பிணைக்கப்படும் இடம் எது என்பது இன்னும் விசாரணையில் இருக்கிறது.